மார்க்கரின் கோல்

சென்ற வாரம் இந்தப் பகுதியில் குடைக் கம்பியைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்திய வாரம் அம்மி கொத்துவதைப் பற்றி. "உமக்கு உடைந்த சாமானைத் தவிர வேறு விஷயமே அகப்படாதா?" என்று திருவையாற்று அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆயினும் இந்த வாரமும் அவர் என்னை மன்னிக்க வேண்டும். ஏனெனில் இந்தத் தடவை சாமானைப் பழுது பார்த்தவர் வேறொருவர். கெடுத்த புண்ணியவான் சாட்சாத் அடியேன்.

சாமான் என்னவென்றால், பில்லியர்ட்ஸ் ஆடும் கோல். "வாத்தியாருக்குப் பில்லியர்ட்ஸா!" என்று புருவத்தை நெரிக்க வேண்டாம். எங்கள் தஞ்சை நகரில் பழைய சங்கம் ஒன்றில், ஸ்லேட் கல் பதித்துப் பச்சைத் துணி விரித்த மேஜை ஒன்று இருக்கிறது. கணக்குப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி அலுத்த மாலை வேளைகளில் நான் அங்கே போய் ஒரு மணி நேரம் நிற்பது வழக்கம். நிற்பது என்றுதான் சொன்னேன். ஆடுவது என்று சொன்னால், அங்கே என்னைக் கண்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த மேஜைக்கு உண்மையான எஜமானர் மார்க்கர்தான். மார்க்கர் என்பவர் ஆட்டத்தின் கணக்கைப் பலகையில் குறிப்பவர். விழுந்த பந்தை எடுத்து வைப்பவர். துணியைப் பிரஷ் போட்டுத் தடவுகிறவர். எங்கள் மார்க்கருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அங்கத்தினர்கள் ஆடும்போது அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எல்லோரும் போன பிறகு தம்முடைய சொந்தக் கோலை எடுத்து ஒற்றை விளக்கின் கீழ் ஆடுவார். அதைப் பார்ப்பதற்காகவே நான் சில நாட்கள் கடைசியில் கிளம்புவதுண்டு.

இது வெள்ளைக்காரன் ஆட்டம் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். பில்லியர்ட்ஸைப் பற்றி அப்படிச் சொல்லலாம். ஸ்நூக்கர் பிறந்ததோ நம் மண்ணில். 1875-ல் ஜபல்பூர் பாளையத்தில், நெவில் சேம்பர்லேன் என்ற இளம் ராணுவ அதிகாரி மழைக்காலப் பொழுது போகாமல் பழைய ஆட்டத்தில் வர்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். 1880-களில் அதற்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் உதகமண்டலத்துச் சங்கத்தில். அக்காலத்தில் பந்தைப் பொறுக்கி வைப்பது ஒன்றே நம்மவர் உத்தியோகமாக இருந்தது. 1958-ல் கல்கத்தாவில் வில்ஸன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். தனி ஒருவராக ஆடும் விளையாட்டில் சுதந்திர இந்தியாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. 2025-ல் தோஹாவில் உலக மகளிர் ஸ்நூக்கர் பட்டத்தை வென்றவர் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன். ஆகவே இந்தக் கோலைப் பற்றி நம் வீடுகளில் நாலு வார்த்தை பேசுவதில் தப்பு ஒன்றும் இல்லை.

கோலைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். எங்கள் மார்க்கரின் கோல் ஆஷ் என்னும் சீமை மரத்தில் செய்தது. இரு பக்கத்திலும் அம்பு அம்பாக ரேகை ஓடும். கைப்பிடிப் பக்கம் கருங்காலி. இரண்டு மரங்களையும் நீண்ட ஆப்புகள் போல் செதுக்கி ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டியிருப்பார்கள். நீளம் 58 அங்குலம். அடியில் 29 மில்லிமீட்டர் பருமன்; அங்கிருந்து ஒரே சீராக ஒடுங்கி, நுனியில் 9½ மில்லிமீட்டர். நுனியில், உலக்கைக்குப் பூண் போடுகிறோமே, அது போல் ஒரு சிறு பித்தளைப் பூண். பூணின் தலையில் பொட்டு அளவு தோல். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிங்கோ என்ற பிரெஞ்சுக்காரர் இந்தத் தோலை ஒட்டிக் காட்டியதிலிருந்துதான் பந்தை நினைத்தபடி சுழல வைக்கும் வித்தை உலகத்தில் பரவியது. தோல் பந்தைத் தொடும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த அற்ப நேரத்தில் கோல் என்ன சொல்லுகிறதோ, அதைத்தான் பந்து கேட்கும்.

*

போன ஐப்பசியில் மார்க்கருக்குக் கண் ஆபரேஷன். இரண்டு வாரம் மகள் வீட்டில் தங்கப் போனார். அடைமழை, சங்கத்தின் ஓடு ஒழுகிற்று. "சார், இதை மட்டும் உங்க வீட்டுலே வச்சிருங்க. சுவத்துலே சாய்க்காதீங்க, படுக்க வச்சிருங்க" என்று சொல்லித் தம் கோலை என்னிடம் ஒப்படைத்தார்.

நான் அதைப் படுக்க வைத்தேன். ஆனால் சும்மா வைத்தேனா? மழைக் காற்றின் ஈரத்தில் கோல் சற்றே பிசுபிசுத்தது. விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய கோல் இப்படி இருக்கலாமா என்று எனக்கு ஒரே கரிசனம். கடைத்தெருவில் இரண்டு உப்புத்தாள் வாங்கினேன். தினந்தோறும் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து, கோலின் முன்புற ஓரடியைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மரம் பட்டுப் போல் ஆயிற்று. நாலாம் நாள், பித்தளைப் பூண் மட்டும் மெலிந்த விரலில் மோதிரம் போலத் துருத்திக்கொண்டு நின்றது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூணையும் அரத்தால் ராவினேன்.

மார்க்கர் திரும்பி வந்தார். கோலை எடுத்தார். இடது கையை மேஜைமேல் ஊன்றி, விரலிடுக்கில் ஒரு முறை ஓட்டினார். பந்தை அடிக்கவே இல்லை. நுனியை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "யாரோ இதை இளைக்க வச்சுட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

அருகில் இருந்த கனவான் ஒருவர், "எல்லாம் அந்தப் பயல் வேலையாக இருக்கும், கழுவுகிறேன் துடைக்கிறேன் என்று எதையாவது போட்டுத் தேய்த்திருப்பான்" என்றார். சங்கத்தில் பெருக்கித் துடைக்கும் இளைஞன் ஒருவன் உண்டு. கோல் என் வீட்டில் இருந்த விஷயம் மார்க்கரையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவனைக் கூப்பிட்டார்கள். அவன் விழித்தான். விழித்ததே குற்றத்துக்குச் சாட்சியாகி விட்டது. "இந்த மாதச் சம்பளத்தில் பிடித்தால் தெரியும்" என்றார் இன்னொருவர்.

நான் என்ன செய்தேன்? மேல் துண்டைச் சரி செய்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். ஒன்பதாம் வகுப்பில் கண்ணாடி ஜன்னலை உடைத்துவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த பையன்களை நான் எத்தனை முறை நிற்க வைத்திருக்கிறேன்! "உடைத்தது பெரிதல்ல, சொல்லாததுதான் பெரிது" என்று எத்தனை பிரசங்கம்! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாத்தியாருக்கு வாத்தியார் மனச்சாட்சி. அவர் பிரம்பு எடுப்பதில்லை, விடியும் வரை பெஞ்சு மேல் ஏற்றி வைத்துவிடுவார்.

மறுநாள் காலையிலேயே போய், அந்த இளைஞன் முன்னிலையில், மார்க்கரிடமும் சங்கத்தின் காரியதரிசியிடமும் உண்மையைச் சொன்னேன். காரியதரிசி வாயடைத்துப் போனார். மார்க்கர் மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு நேத்தே தெரியும் சார். உங்க வீட்டுலேதானே இருந்தது? அது மட்டுமா, இந்தப் பையன் தேய்ச்சிருந்தா அரை மணியிலே கை ஓஞ்சிருப்பான். இது ஒரே சீரா, பொறுமையாத் தேய்ச்ச தேய்ப்பு. வாத்தியார் தேய்ப்பு."

"அப்படியானால் நேற்றே ஏன் சொல்லவில்லை, அண்ணே?"

"ராத்திரிக்குள்ளே நீங்க சொல்லலேன்னா, இன்னிக்கு நான் சொல்லியிருப்பேன். அவன் சம்பளத்துலே கை வைக்க விட்டிருக்க மாட்டேன்" என்றார். இந்தப் பதில் எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அறைந்தது போலவும் இருந்தது.

*

தேய்த்ததால் வந்த நஷ்டம் எவ்வளவு? கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்குப் போட்டேன். நுனி 9½ மில்லிமீட்டரிலிருந்து 8½ ஆகியிருந்தது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் உருண்டையான கோலின் விறைப்பு அதன் பருமனின் நாலாம் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப்படி நுனியின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது! நான் திண்ணையில் உட்கார்ந்து ஊதித் தள்ளிய மரப்பொடி அது.

புதுக் கோல் வாங்கித் தருகிறேன் என்றேன். மார்க்கர் தலையை ஆட்டிவிட்டார். நாற்பது வருஷமாக அந்தக் கோலுக்குத்தான் அவர் கை பழகியிருந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைசல்காரரைக் காட்டலாம் என்று அவரே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பஸ் ஏறினோம்.

கடைசல்காரர் சிறு வயதில் நரசிங்கன்பேட்டையில் நாயனம் செய்கிறவர்களிடம் தொழில் பழகியவர். ஆடுதுறைக்கு அப்பால் உள்ள அந்தச் சிற்றூரின் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஆச்சா மரத்தில்தான் நாயனம் கடைகிறார்கள். அதுவும் பச்சை மரத்தில் அல்ல. பழைய வீடு இடிக்கும்போது விழும் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்குகிறார்கள். பல பத்து வருஷம் வெயிலையும் மழைக்காற்றையும் பார்த்துப் பார்த்து, இனி வளைவதற்கு ஒன்றுமில்லை என்று அடங்கிய மரம் அது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தம் வாசிப்புக்கு ஏற்ற நாதம் தேடியபோது, குட்டையான திமிரியை விட்டு நீண்ட பாரி நாயனத்தில் சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும்படி துளைகளை மாற்றி அமைத்துக் கொடுத்தவர் நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரி. ஒரு மரக்குழலில் செய்த மாறுதல், ஒரு சங்கீதத்தின் குரலையே மாற்றிவிட்டது. அந்தப் பரம்பரையில் கை பழகியவரிடம் ஒரு கோலை நீட்டுவதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

அவர் அளவுகோல் எடுக்கவில்லை. கோலைக் கண்ணருகே வைத்து, வாசல் வெளிச்சத்தை நோக்கி நீட்டி, மெல்ல உருட்டிப் பார்த்தார். கோல் நேராக இருந்தது. பிறகு நுனியைத் தடவினார்.

"மரத்துலே எடுக்கலாம் சார், சேர்க்க முடியாது" என்றார். என் முகம் வாடியதைப் பார்த்து, "நுனியிலே சேர்க்க முடியாதுன்னுதான் சொன்னேன். அடியிலே சேர்க்கலாமே!" என்று சிரித்தார்.

அவருடைய யுக்தி எனக்கு விளங்கச் சிறிது நேரம் ஆயிற்று. வாசகர்களும் பென்ஸிலை எடுத்துக்கொள்ளலாம். 58 அங்குலத்தில் கோல் பருப்பது 19½ மில்லிமீட்டர். அதாவது ஏறக்குறைய மூன்று அங்குலத்துக்கு ஒரு மில்லிமீட்டர். ஆகவே நுனியில் மூன்று அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டால், வெட்டிய இடத்தில் பருமன் மறுபடியும் 9½! நான் தேய்த்த பாகம் தன்னாலேயே சரியான அளவுக்கு வந்துவிடும். தேயாத பாகம் தொடங்கும் இடத்தில் உள்ள மேட்டை மட்டும் இழைத்துச் சமன் செய்ய வேண்டும். குறைந்துபோன மூன்று அங்குல நீளத்தை அடியில், கருங்காலியில் சேர்த்துக்கொள்ளலாம்.

மார்க்கர் கோலை ஒரு முறை வாங்கிப் பார்த்தார். பிறகு, "வெட்டுங்க" என்றார். அந்த ரம்பச் சத்தத்தை நான் எளிதில் மறக்க மாட்டேன்.

இழைப்பதற்குக் கோலை அவர் கடைசலில் ஏற்றவில்லை. இவ்வளவு நீளமும் ஒல்லியுமான கோல் சுற்றும்போது நடுவில் துடிக்கும். உளி தாறுமாறாய்க் கடிக்கும் என்றார். மடியில் வைத்து, கைக்கு அடங்கிய இழைப்புளியால், கோலைத் திருப்பித் திருப்பிச் சுருள் சுருளாக எடுத்தார். அடித்துண்டுக்குப் பழைய நாற்காலிக் கால் ஒன்றின் கருங்காலி. அதை நிறுத்தால் ஐம்பது கிராமுக்குக் குறையவில்லை. வெட்டிய நுனியோ நாலைந்து கிராம்தான். அவ்வளவு பாரம் அடியில் சேர்ந்தால் கோல் பின்னால் சாய்ந்து, பிடித்த கை ஏமாந்து போகும். நாயனம் குடைந்த கைக்கு இது ஒரு பிரமாதமா? கருங்காலித் துண்டை உள்ளே குடைந்து பாரத்தை ஏறக்குறையப் பாதியாக்கினார். கோலின் அடியில் முளை செதுக்கி, அதை அந்தத் துளையில் பசையிட்டு இறக்கி, வாயை மெல்லிய வில்லையால் மூடினார். கார்த்திகை ஈரத்தில் பசை மெதுவாகத்தான் காயும் என்று நாலு நாள் கழித்து வரச் சொன்னார். புதுப் பித்தளைப் பூணையும் அவரே கடைந்து வைத்திருந்தார். தோலை மட்டும் மார்க்கர் தம் கையாலேயே ஒட்டினார். அந்த வேலையை அவர் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை.

*

இப்படிப்பட்ட கோல் வீட்டில் இருப்பவர்களுக்கு, அந்த இருவரிடமும் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். கோல் அழுக்கானால் ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் தேய்த்தால் போதும். வழுவழுப்பு வேண்டுமானால் ஒரு தோல் துண்டால் சூடேறத் தேய்க்கலாம். மேஜை விளிம்பில் இடித்துப் பள்ளம் விழுந்தால், அந்த இடத்தில் மட்டும் வெந்நீரில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒற்றி வைத்தால் நசுங்கிய நார் ஊறி எழும்பிவிடும். நார் அறுந்து சிராய் போயிருந்தால் எழும்பாது. அதை அடைக்கத்தான் வேண்டும். சுவரில் சாய்த்து வைத்தாலும், அடைத்த காரில் வெயிலில் போட்டாலும் கோல் வளையும். வளைந்ததைச் சூடு காட்டி நிமிர்த்துகிறவர்கள் உண்டு. ஆனால் அடுத்த மழைக்காலத்தில் பழைய கோணல் திரும்பி வருவதே பெரும்பாலும் வழக்கம்.

இந்தப் பாடம் சூட்டோடு சூடாகப் பயன்பட்டது. பெங்களூரில் படிக்கும் என் தங்கை பிள்ளை பொங்கல் விடுமுறைக்கு வந்தான். அவன் ஆடுவது பூல். அதற்குக் கோல் வேறு: மேப்பிள் மரம், நடுவில் திருகிக் கழற்றும் இரண்டு பாகம், நுனி 13 மில்லிமீட்டர். முன்பாகத்தைக் கடைந்து 12 ஆக்க வேண்டும் என்றான்.

"ஏனப்பா?" என்றேன்.

"நுனி லேசாக இருந்தால் பந்து குறி தவறாது, மாமா!"

அவன் சொன்னதில் உண்மை உண்டு. பந்தை நடுவில் அடிக்காமல் ஓரத்தில் அடித்துச் சுழல விடும்போது, அது நாம் நீட்டிய திசையிலிருந்து எதிர்ப்புறமாகச் சற்று விலகி ஓடும். கோலின் நுனியில் பாரம் குறையக் குறைய அந்த விலகலும் குறையும். இதற்காகவே 1990-கள் முதல் நுனியை உள்ளே குடைந்தும், பல மரச் சில்லுகளை வட்டமாக ஒட்டியும் கோல் செய்கிறார்கள். இப்போது கார்பன் நாரிலும் செய்கிறார்கள். ஆனால் விலகல் மாறினால், பழைய விலகலுக்குப் பழகிய கண்ணும் மாற வேண்டும். அவனைக் கடைசல்காரரிடம் அழைத்துப் போனேன். அவர், முன்பாகம் தனியாகக் கழன்று வருவதால் கடைசலில் ஏற்றலாம் என்றார். ஆனால் ஒரே நாளில் ஒரு மில்லிமீட்டர் எடுக்க மறுத்தார். "பத்துலே ரெண்டு பங்கு எடுக்கிறேன் தம்பி. ஒரு வாரம் ஆடிப் பாருங்க. போதலேன்னா வாங்க." பையன் திரும்பிப் போகவில்லை. அதுவே போதுமானதாக இருந்ததாம்.

மார்க்கர் விஷயத்துக்கு வருகிறேன். முதல் வாரம் அவர் தடுமாறினார் என்பதை மறைப்பதற்கில்லை. கோலின் பாரம் மிக மிகச் சிறிதளவு பின்னால் போயிருந்தது. வேறு யாருக்கும் தெரியாது, அவருக்குத் தெரிந்தது. பத்தாம் நாள் இரவு, எல்லோரும் போன பிறகு, அந்த இளைஞனையும் என்னையும் நிறுத்தி வைத்துக்கொண்டு ஆடினார். ஒரு முறை கூடப் பந்து அவர் சொல்லைத் தட்டவில்லை. ஆடி முடித்ததும் கோலை என்னிடம் கொடுக்கவில்லை. அந்த இளைஞனிடம் நீட்டி, "நீ ஒரு தரம் அடி" என்றார். அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினான். நுனியில் விரலை மட்டும் வைக்கவில்லை. நானே இன்னும் அவனிடம் வாய் விட்டு மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கேட்டேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, "போகுது சார்" என்றான். அடித்த பந்து பைக்குள் விழவில்லை. ஆனாலும் நேராகத்தான் ஓடிற்று.

வெட்டிய மூன்று அங்குல நுனி என் மேஜையில், சிவப்புப் பென்ஸிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மிச்சம் இருந்த உப்புத்தாளைக் காணோம். விசாரித்ததில், என் இல்லாள் அதை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டதாகத் தெரிகிறது. சாவியை நான் கேட்கவில்லை.